வண்டி நின்னா நீ போ

எங்கள் வீட்டில் கார் இருந்தது என்று சொன்னால் பாதி உண்மைதான். டிக்கி வைத்த கார் இருந்தது என்று சொல்லவேண்டும். நான் ஐந்தாம் வகுப்பில் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பின்பக்கம் வெட்டிவிட்டதுபோல் முடிந்துபோகும் சின்னக் கார்களை அந்தக் காலத்தில் நான் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை. எங்கள் கிராமத்திலிருந்து தினமும் வில்லியனூர் கடைத்தெருவுக்குப் போய் உரமும் விதையும் விற்றுக்கொண்டிருந்த அப்பா, பாண்டிச்சேரியில் யாரோ ஓய்வுபெற்ற வாத்தியாரிடமிருந்து அந்த வெள்ளைக் காரை வாங்கி வந்திருந்தார். வரும்போதே அதற்கு என்னைவிட வயது அதிகம்.

அந்தக் கார் ஓடுவதில் ஒரு குறையும் கிடையாது. நிற்பதில்தான் தகராறு. பிரேக்கில் கால் வைத்தால் குளிர்ஜுரம் வந்த ஆள் மாதிரி ஸ்டியரிங் உதற ஆரம்பிக்கும். கூடவே முன்சக்கரங்களிலிருந்து கிரீச் என்று ஒரு சத்தம் வரும். எங்கள் தெருவில் அப்பா வந்துவிட்டார் என்பதை ஹாரனை வைத்து யாரும் தெரிந்துகொள்வதில்லை, பிரேக்கை வைத்துத்தான். தெருமுனையில் அந்தச் சத்தம் கேட்டதும் அம்மா தோசைக்கல்லை அடுப்பில் வைத்துவிடுவாள். எனக்கு அந்த உதறல் ரொம்பப் பிடிக்கும். முன்சீட்டில் உட்கார்ந்து ஆ என்று வாயைத் திறந்துகொண்டால், பிரேக் பிடிக்கும்போது நம் குரலும் சேர்ந்து நடுங்கும்.

அத்தைக்கு மட்டும் அது பிடிக்காது. அத்தை என்றால் அப்பாவின் ஒரே தங்கை. பெற்றவர்கள் அடுத்தடுத்துப் போய்விட்டதால் அப்பாதான் அவளைத் தூக்கி வளர்த்தார். வளர்ந்து, படித்து, வேலைக்குப் போன பிறகும் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவார். வீட்டில் முறைப்படி பாப்பாவாக இருக்கவேண்டிய என்னை 'ஏய்' என்று கூப்பிடுவார். இந்த அநியாயத்தை நான் பல தடவை அம்மாவிடம் எடுத்துச் சொல்லியும் ஒரு பலனும் இல்லை.

அத்தை ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படித்தவள். முடித்துவிட்டு வில்லியனூரில் டூவீலர் விற்கும் கடை ஒன்றில் சேர்ந்தாள். அங்கே வருகிறவர்களுக்கு டோக்கன் எழுதிக் கொடுத்து, உட்காருங்க சார் என்று சொல்வதுதான் அவளுடைய வேலை. ஸ்பேனரைத் தொட விடமாட்டார்கள். அந்த ஆத்திரத்தையெல்லாம் சாயங்காலம் வீட்டுக்கு வந்து எங்கள் மிக்ஸி மேலும் அம்மாவின் மொபெட் மேலும் காட்டுவாள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைக்கூட ஒரு நாள் கழற்றிப் பரப்பிவிட்டாள். மாட்டிய பிறகும் அது ஓடியது, ஆனால் கொஞ்சம் கோபமாக ஓடியது.

அந்த வருஷம் புரட்டாசியில் அத்தைக்குச் சென்னையிலிருந்து போன் வந்தது. பெரிய கார் ஒர்க்‌ஷாப். டோக்கன் எழுதுவது கிடையாது, கார்களைக் கழற்றி மாட்டுகிற வேலை. ஆயுத பூஜை கழிந்ததும் வந்து சேரச் சொன்னார்கள். அத்தை போனை வைத்துவிட்டு என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினாள். ஏன் என்று தெரியாமலேயே நானும் கத்தினேன்.

அப்பா அன்று ராத்திரி சாப்பாட்டிலிருந்தே தடை சொல்ல ஆரம்பித்தார். ஹாஸ்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஆகாது என்றார். அத்தை நான் சமைத்துக்கொள்கிறேன் என்றாள். சென்னையில் தண்ணீர் கிடையாது என்றார். கேன் வாங்கிக்கொள்கிறேன் என்றாள். அங்கே எல்லாம் ஆம்பளைகளாக இருப்பார்கள் என்றார். ஐடிஐயில் மட்டும் யார் இருந்தார்கள் என்று கேட்டாள். ஒன்றொன்றாக எல்லாத் தடையும் தீர்ந்துபோய், அப்பா கடைசியில் ஜன்னல் வழியாக வெளியே பார்த்தார். முருங்கை மரத்தடியில் கார் நின்றுகொண்டிருந்தது.

"அந்த வண்டி பிரேக்க மாத்து பாப்பா. நீ ஒண்டியா மாத்தணும். வண்டி நின்னா நீ போ. நிக்கலன்னா நீ நில்லு."

அத்தை தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தே விட்டாள். "இதானே? எழுதி வெச்சிக்கோண்ணே" என்றாள்.

எனக்கு அந்த வாசகம் அப்படியே பிடித்துப்போய்விட்டது. வண்டி நின்னா நீ போ, நிக்கலன்னா நீ நில்லு. தரையில் கட்டம் கீறிப் பாண்டி ஆடும்போது ஒரு கட்டத்துக்கு ஒரு வார்த்தையாகச் சொல்லிக்கொண்டு தாண்டுவதற்கு அளவெடுத்துத் தைத்ததுபோல் இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னோடு ஆடிய எல்லோரும் அதைச் சொல்லித்தான் தாண்டினார்கள். போவது என்றால் எனக்குத் தெரிந்த போவது ஒன்றுதான். காலையில் பாண்டிக்குப் போய், பெரிய மார்க்கெட்டைச் சுற்றிவிட்டு, சாயங்காலம் கையில் ஒரு பொட்டலத்தோடு வீட்டுக்கு வருவது. சென்னை இன்னும் கொஞ்சம் தள்ளி இருக்கிறது, ஆகையால் பொட்டலம் இன்னும் கொஞ்சம் பெரியதாக இருக்கும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மறுநாளே அத்தை முன்சக்கரம் ஒன்றைக் கழற்றிப் பார்த்தாள். உள்ளே சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு கனத்த இரும்புத் தட்டு. அதற்கு டிஸ்க் என்று பெயர். அது சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். பிரேக்கை மிதித்தால் இரண்டு பக்கமிருந்தும் பேடு என்கிற கட்டைகள் வந்து அதைக் கவ்வும், வண்டி நிற்கும். இவ்வளவுதான் சங்கதி என்று அத்தை சொன்னாள். எங்கள் டிஸ்க்கில் கோலமாவைச் சிந்தி விரலால் இழுத்ததுபோல் வட்டவட்டமாகப் பள்ளம் விழுந்திருந்தது. ஓரத்தில் ஒரு விளிம்பு கட்டியிருந்தது. வாத்தியார் காலத்திலேயே ஒரு தடவை லேத்தில் கொடுத்துச் சமப்படுத்தியிருக்கிறார்கள், இன்னொரு தடவை கொடுத்தால் அப்பளமாகிவிடும், புதிதுதான் போடவேண்டும் என்றாள். அதுவும் ஒரு பக்கம் மட்டும் போடக்கூடாதாம். ஒன்று புதிதும் ஒன்று பழையதுமாக இருந்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்குமாம்.

புது டிஸ்க்குகள் வந்த அன்று எங்கள் வீட்டில் நகை வந்ததுபோல் இருந்தது. அவ்வளவு பளபளப்பு. நான் அதில் முகம் பார்த்தேன். துரு பிடிக்காமல் இருக்க அதன் மேல் ஏதோ எண்ணெய் தடவி அனுப்பியிருந்தார்கள். அத்தை பழைய காட்டன் புடவையைக் கிழித்து, பெட்ரோலில் நனைத்து, இரண்டு டிஸ்க்கையும் விரல் வைத்தால் கிரீச்சிடும்வரை துடைத்தாள். டிஸ்க்கில் எண்ணெய் மட்டும் படவே கூடாது, விரல் ரேகைகூட ஆகாது என்று என்னைக் கிட்ட விடவில்லை. அம்மா அப்போது சமையலறையில் பொரிகடலை பொறுக்கிக்கொண்டிருந்தாள். இந்தப் பேச்சு அவள் காதில் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் காலையில் வேலை ஆரம்பித்தது. நான் முருங்கை மரத்தடியில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டேன். தெருவில் போகிற ஆண்கள் எல்லோரும் வண்டியை நிறுத்தி ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். அத்தை பின்சக்கரங்களுக்குக் கல் கொடுத்தாள், நட்டுகளைத் தளர்த்தினாள், ஜாக்கி வைத்துத் தூக்கினாள், ஜாக்கியை நம்பாமல் அடியில் கனமான சவுக்குக்கட்டைகளை அடுக்கினாள். பேடுகளைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்வியைக் கழற்றியதும் அது தன் ரப்பர் குழாயில் தொங்கக்கூடாது என்பதற்காக, அம்மாவின் கொடிக்கம்பியில் ஒரு முழம் வெட்டி வந்து மேலே கட்டித் தொங்கவிட்டாள். அம்மா துணி உலர்த்த வந்தபோதுதான் கொடி குட்டையாகிப்போனது தெரிந்தது.

பழைய டிஸ்க் லேசில் வரவில்லை. அத்தனை வருஷத் துருவில் அச்சோடு அச்சாக ஒட்டிப்போயிருந்தது. அத்தை சுத்தியலால் சுற்றிச்சுற்றித் தட்டினாள். தெருவே காதைப் பொத்திக்கொண்டது. அப்புறம் அதிலேயே இருந்த இரண்டு சின்ன ஓட்டைகளில் போல்ட்டை வைத்து முறுக்கினாள். ஒரு முறுக்கு இந்தப் பக்கம், ஒரு முறுக்கு அந்தப் பக்கம். டப் என்று சத்தம் வந்து டிஸ்க் அவள் மடியில் விழுந்தபோது நான் பாயிலிருந்து குதித்துவிட்டேன். இருட்டுவதற்குள் வலது பக்கம் புது டிஸ்க், புது பேடு எல்லாம் ஏறிவிட்டது. இடது பக்கம்தான் மாட்டிக்கொண்டது. டிஸ்க்கைப் பிடித்திருக்கும் குட்டித் திருகாணி ஒன்று அசையமாட்டேன் என்றது. அதன் மேல் டீசல் ஊற்றி, ராத்திரி முழுவதும் ஊறட்டும், காலையில் பார்க்கலாம் என்று அத்தை கை கழுவினாள்.

காலையில் அவள் எழுந்து வந்தபோது ஒரு ஸ்பேனர்கூட இல்லை. அம்மா எல்லாவற்றையும் பூஜைக்கு எடுத்துப் போயிருந்தாள்.

ஆயுத பூஜை அன்று ஆயுதத்தைத் தொடக்கூடாது. படைத்துவிட்டால் மறுநாள் பூஜை பிரிக்கும்வரை அது சாமிக்குச் சொந்தம். அப்பாவின் தராசு, என் பென்சில் பாக்ஸ், அம்மாவின் அரிவாள்மணை, கொல்லையில் கிடந்த மண்வெட்டி, அத்தையின் ஸ்பேனர்கள், ஜாக்கி எல்லாம் வாழையிலையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. நடுவில், சாமி படத்துக்கு நேர் கீழே, மாட்டாமல் மிச்சமிருந்த புது டிஸ்க். அதன் நடுமேட்டில் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்து, ஒரு செவ்வந்திப் பூவையும் செருகியிருந்தாள் அம்மா. இரண்டு பக்கத்திலும் பேடுகள், துவாரபாலகர்கள் மாதிரி. அத்தை கெஞ்சிப் பார்த்தாள். அம்மா நாளைக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அப்பா பொரியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு, சாமி விஷயத்தில் நான் தலையிடமாட்டேன் என்றார்.

காருக்கும் பூஜை நடந்தது. ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற காருக்கு மாலை போட்டதை நான் அன்றுதான் பார்த்தேன். மூன்று சக்கரத்தின் அடியில் மூன்று எலுமிச்சம்பழம். நான்காவது சக்கரம் இல்லாததால் அந்தப் பழத்தைச் சவுக்குக்கட்டை மேல் வைத்தாள் அம்மா. ஏற்றி நசுக்க வண்டி நகராது என்பதால் எல்லாப் பழத்தையும் நானே மிதித்து நசுக்கினேன்.

விஜயதசமி காலையில் பூஜை பிரித்ததும் அம்மா ஒவ்வொரு சாமானாகப் புதுத்துணியால் துடைத்து அத்தையிடம் கொடுத்தாள். இருட்டில் கொடுத்தாலும் கண்டுபிடித்துவிடலாம், அப்படி மினுங்கின எல்லாம். திருகாணி நன்றாக ஊறியிருந்தது. உளி வைத்துத் தட்டியதும் முந்தாநாள் அப்படியெல்லாம் அடம்பிடித்தது நான்தானா என்பதுபோல் கழன்று வந்தது. அத்தைக்கு ஒரே அவசரம். டிஸ்க்கை மறுபடி துடைக்க அவளுக்குத் தோன்றவில்லை. தன் கையாலேயே பெட்ரோல் போட்டுத் துடைத்ததுதானே என்று நினைத்துவிட்டாள். நடுவில் இருந்த குங்குமத்தை மட்டும் இருக்கட்டும் என்று விட்டுவிட்டு மாட்டினாள். சக்கரத்தைப் போட்டு, வண்டியை இறக்கி, பிரேக்கைப் பல தடவை மிதித்து மிதித்து இறுக்கம் வரவைத்தாள். தெருவுக்குள் மெதுவாக ஓட்டிப் பார்த்தாள். நின்றது. உதறலும் இல்லை, கிரீச்சும் இல்லை.

அப்பா சாவியை வாங்கிக்கொண்டார். பாகூர் ரோட்டில் ஓட்டிப் பார்த்துத்தான் முடிவு என்றார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னை வரக்கூடாது என்றுதான் சொன்னார்கள், ஆனால் நான் அதற்கு முன்பே பின்சீட்டில் படுத்துக்கிடந்தேன்.

ரோட்டுக்கு வந்ததும் அப்பா கொஞ்சம் வேகம் எடுத்தார். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள். எதிரே ஒரு வண்டியும் இல்லை. நான் எழுந்து உட்கார்ந்து, வண்டி நின்னா நீ போ என்று ஆரம்பித்தேன். அப்பா பிரேக்கை மிதித்தார்.

வண்டி நின்றது. ஆனால் அதற்கு முன்னால் யாரோ கையைப் பிடித்து இழுத்ததுபோல் வலது பக்கமாகத் திரும்பி, ரோட்டைக் கடந்து, ஓரத்தில் குவித்திருந்த வைக்கோலுக்குள் மூக்கைப் புதைத்துக்கொண்டு நின்றது. கண்ணாடி முழுவதும் வைக்கோல். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் இன்னொரு தடவை போலாம்பா என்றேன்.

வைக்கோலுக்குச் சொந்தக்கார அம்மாள் வரப்பிலிருந்து நிதானமாக நடந்து வந்தார். காரை முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, "இன்னாபா, உங்க காரும் வைக்கோலு துன்னுதா?" என்று கேட்டார்.

அத்தை முகம் வெளுத்துப்போய் இறங்கினாள். அப்பாவும் இறங்கினார். ஆனால் அவருக்குக் கோபமே வரவில்லை. ஒரு குண்டூசி தொலைந்தாலே வீட்டை இரண்டாக்குகிற அப்பா, சட்டையில் ஒட்டிய வைக்கோலை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டுக்கொண்டு சிரித்தார். போனா போவுது பாப்பா, இதுக்கெல்லாம் மனசு வுட்டுறாத என்று அத்தையின் தலையில்கூட இரண்டு குச்சி வைக்கோலை எடுத்துவிட்டார். அந்த அம்மாளிடம் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியும் விசாரித்தார். இவ்வளவு சந்தோஷமாக அவரை நான் தீபாவளிக்குக்கூடப் பார்த்ததில்லை.

எனக்கு அப்போது ஒரு வாசனை வந்தது. இடது முன்சக்கரத்திலிருந்து மெலிதாகப் புகை கிளம்பிக்கொண்டிருந்தது.

"அத்த, சக்கரத்துல தோச வாசன வருது" என்றேன்.

அத்தை குனிந்து முகர்ந்தாள். இன்னொரு தடவை முகர்ந்தாள். அப்படியே ரோட்டோரத்தில் உட்கார்ந்து, அழப்போகிறாள் என்று நான் நினைத்த முகத்தை வைத்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அது நல்லெண்ணெய். சூடான கல்லில் விட்ட அசல் நல்லெண்ணெய் வாசனை.

காரைப் பின்னால் எடுத்து, கால்நடையாகப் போகிற வேகத்தில் ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தோம். அத்தை நேராகச் சமையலறைக்குப் போனாள்.

"அண்ணி, டிஸ்க்குக்கு எண்ண தடவினீங்களா?"

"தடவாம?" என்றாள் அம்மா. "இரும்புச் சாமான எண்ண தடவாம யாராச்சும் பூஜையில வெப்பாங்களா? மம்முட்டிக்கு, அருவாமணைக்கு, எல்லாத்துக்கும்தான் தடவினேன். உன் பேடு கட்டைங்களுக்கு ரெண்டு சொட்டு சேர்த்தே வுட்டேன், நல்லா ஓடணுமேன்னு."

அத்தை விஷயத்தைச் சொன்னதும் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றாள். வலது பக்கம் நன்றாகப் பிடிக்க, எண்ணெய் குடித்த இடது பக்கம் வழுக்கியிருக்கிறது. அதுதான் வண்டியை வலது பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. டிஸ்க்கைக் கழற்றித் துடைத்துவிடலாம். ஆனால் பேடு எண்ணெய் குடித்தால் குடித்ததுதான், வேறு போடவேண்டும் என்று அத்தை சக்கரத்தைக் கழற்றிப் பேடுகளை எடுத்துக் காட்டினாள்.

அப்பா கை கால் கழுவிக்கொண்டு வந்து, பாட்டுப்போலச் சொன்னார், வண்டி நிக்கல, அவ்ளோதான் பேச்சு. சாயங்காலம் பாயசம் வைக்கச் சொன்னார். அத்தை ஒன்றுமே பேசாமல் கொல்லைப்பக்கம் போனாள். அவள் பேசாமல் போனதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா அப்பாவிடம் சண்டை போட்டு நான் பார்த்தது குறைவு. அன்று போட்டாள். சத்தம் போடவில்லை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் தடவியது நான், அவள் இல்லை, ஆகையால் இது கணக்கில் சேராது என்றாள். அப்பா அவள் ஒண்டியாக மாற்றவேண்டும் என்பதுதானே பேச்சு என்றார். அப்படியென்றால் நான் எண்ணெய் தடவிக் கொடுத்ததும் அந்தப் பேச்சில் இல்லையே என்று அம்மா திருப்பிக் கேட்டாள். அம்மா எண்ணெய் குடித்த பேடு ஒன்றைத் துணியில் சுற்றி வயர்கூடையில் வைத்துக்கொண்டு, மொபெட்டின் பின்னால் என்னையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தப் பயணத்தை என்னால் மறக்கவே முடியாது. மாட்டு வண்டிக்கு வழிவிட்டுக் காத்திருக்கிற அம்மா அன்று லாரியை முந்தினாள். முந்தானை என் முகத்தில் படபடவென்று அடித்தது. அவ போவட்டும்டி, அவளாச்சும் போவட்டும் என்று முன்னால் பார்த்தபடியே அவள் சொன்னது எஞ்சின் சத்தத்தில் பாதிதான் என் காதில் விழுந்தது. என்னிடம் சொன்னாளா, தனக்கே சொல்லிக்கொண்டாளா என்று தெரியவில்லை. நானும் போவட்டும்மா என்று கத்தினேன்.

வில்லியனூரில் கடைகள் எல்லாம் காலையில் நல்ல நேரத்துக்குக் கொஞ்சம் திறந்துவிட்டு மூடியிருந்தன. ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரரின் வீடு கடைக்குப் பின்னாலேயே இருந்தது. அம்மா கதவைத் தட்டினாள். அவர் சாப்பிட்ட கையோடு வந்தார். அம்மாவுக்குக் காரின் பெயரைத் தவிர ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. கூடையிலிருந்து பேடை எடுத்து நீட்டினாள். அவர் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார், முகர்ந்தார், அம்மாவை ஒரு பார்வை பார்த்தார். எந்த மெக்கானிக் இந்த வேலை பார்த்தது என்று கேட்டார்.

"எண்ண வுட்டது நானு. மாத்தறது எங்க வூட்டு பொண்ணு" என்றாள் அம்மா, தலையை நிமிர்த்திக்கொண்டு.

அவர் கையைக் கழுவிவிட்டு வந்து கடையின் ஷட்டரைத் தூக்கினார்.

நாங்கள் திரும்பும்போது அத்தை இடது டிஸ்க்கையும் கழற்றிவிட்டிருந்தாள். அம்மா கிளம்பிய சத்தம் கேட்டதுமே ஸ்பேனரை எடுத்திருக்கிறாள். டிஸ்க்கைப் பெட்ரோலில் துடைத்தாள், மறுபடி துடைத்தாள், என்னைக் கூப்பிட்டு எண்ணெய் வாசனை வருகிறதா என்று முகரச் சொன்னாள். என் மூக்குக்கு அப்படி ஒரு மரியாதை அதன் பிறகு யாரிடமும் கிடைத்ததில்லை. குங்குமத்தைக்கூடத் துடைத்துவிட்டாள். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மறுபடி பாகூர் ரோடு. இந்தத் தடவை என்னை யாரும் இறங்கச் சொல்லவில்லை. புது டிஸ்க்கும் புது பேடும் எடுத்த எடுப்பில் சேராது, ஒன்றோடு ஒன்று பழகவேண்டும், அதனால் கொஞ்சம் வேகம் எடுத்து, மெதுவாக மிதித்து, மறுபடி வேகம் எடுத்து, இப்படிச் சில தடவை செய்யவேண்டும் என்று அத்தை அப்பாவிடம் சொன்னாள். அவள் குரல் சாதாரணமாக இருந்தது. ஆனால் கை இரண்டும் மடியில் துப்பட்டாவை முறுக்கிக்கொண்டிருந்தன.

வைக்கோல் போர் வந்தது. அப்பா மிதித்தார். கார் ஒரு இம்மிகூட அசையாமல், நேராக, ரோட்டுக்குக் கோடு போட்டதுபோல் வேகம் குறைந்தது. ஸ்டியரிங் உதறவில்லை. நான் ஆ என்று வாயைத் திறந்து வைத்திருந்தேன், என் குரலும் நடுங்கவில்லை. வரப்பில் நின்ற அந்த அம்மாள் வைக்கோலுக்கு முன்னால் வந்து காவல் நின்றுகொண்டார். நான் ஜன்னல் வழியாக அவருக்குக் கை காட்டினேன்.

அப்பா மறுபடி வேகம் எடுத்தார், மறுபடி மிதித்தார். நேராகப் பிடித்தது. ஏம்பலம் தாண்டினோம். மறுபடி வேகம், மறுபடி பிரேக். ஒவ்வொரு தடவையும் நான் கை தட்டினேன். கரிக்கலாம்பாக்கம் வந்தது.

"போதும்ணே, பழகிடுச்சு" என்றாள் அத்தை.

"இன்னும் ஒரு தபா பாத்துடலாம் பாப்பா."

பாகூர் ஏரி வந்தது. ஏரிக்கு மேலே வானம் சிவந்து கிடந்தது. ஒரு தபா, இன்னும் ஒரு தபா என்று அப்பா விடவே இல்லை. மெதுவாக மிதித்தார், சட்டென்று மிதித்தார். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த விரல்களை லேசாகத் தளர்த்தி, வண்டி எந்தப் பக்கமாவது போகிறதா என்று பார்த்தார். ஒரு பக்கமும் போகவில்லை. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. அப்பாவும் என்னைப் போலவே விளையாடுகிறார், அவருக்கும் இது பிடித்துப்போய்விட்டது என்று நினைத்து, இன்னொரு தபாப்பா, இன்னொரு தபாப்பா என்று பின்னாலிருந்து ஏற்றிவிட்டுக்கொண்டே வந்தேன். அத்தை அதன் பிறகு போதும் என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே கிருமாம்பாக்கம் வரைக்கும் வந்துவிட்டோம். கடலூர் ரோடு எதிரே தெரிந்தது. பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. அதற்கு மேல் போக வழி இல்லை. அப்பா கடைசியாக ஒரு தடவை பிரேக்கை மிதித்தார். கார் நேராகப் போய், சத்தமே இல்லாமல், ரோட்டோரத்தில் நின்றது.

வண்டி நின்னா நீ போ, வண்டி நின்னா நீ போ என்று நான் சீட்டில் ஏறிக் குதித்தேன். பஸ் ஹாரனையும் மீறிக் கத்தினேன். முன்னால் இரண்டு பேரும் திரும்பவே இல்லை. அப்பா பிரேக்கிலிருந்து காலை எடுக்காமலேயே உட்கார்ந்திருந்தார். காலையில் வைக்கோலில் போய் இடித்தபோது அப்படிச் சிரித்தவர், இப்போது இவ்வளவு நன்றாக நின்றதற்கு ஏன் ஒன்றுமே சொல்லவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்குப் பசி என்று முடிவு செய்துகொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அத்தை கிளம்பினாள். அவள் பெட்டியை டிக்கியில் வைத்து, டிக்கி வைத்த காரின் உபயோகம் இதுதான் என்று நான் பெருமையாக மூடினேன். அப்பாதான் பஸ் ஸ்டாண்டு வரை ஓட்டினார், வழியில் எங்கேயும் பிரேக் பிடிக்கவேண்டிய தேவையே வராதவர்போல, அவ்வளவு மெதுவாக. சாயங்காலம் ஆனதும் நான் தெருமுனைக்குப் போய்ப் பொட்டலத்துக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். இருட்டியதும் அம்மா வந்து என்னைக் கூட்டிப்போனாள்.

இப்போது எனக்கும் கார் இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை அத்தை அதன் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்து, என்னைத் திட்டிவிட்டுப் போகிறாள். கிருமாம்பாக்கம் வழியாகக் கடலூருக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் என் கால் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. அன்று அந்த ரோடு முழுவதும் அப்பா மிதித்துக்கொண்டே வந்தது டிஸ்க் பழகுவதற்காக இல்லை. ஒரு தபாவாவது பிடிக்காமல் போகாதா என்றுதான் பார்த்திருக்கிறார். பின்சீட்டில் அதற்கு நான் கை தட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.